ம.ப. என்பது யாருடைய பங்கு

செஞ்சி,
வியாழக்கிழமை.

அன்புள்ள ஜெயஸ்ரீக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் நைனாவும் வேளைக்குச் சாப்பிட்டு, படுத்தால் தூங்கி, நல்லபடியாக இருக்கிறோம். நெதர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை நவீனும் அதேபோல் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். போன மாதம் நம் குடும்பம் கூடி ஒரு முக்கியமான முடிவை எடுத்தது. நீ அனுப்பிய ஒட்டுத்தாள்களை வீடு முழுக்க ஒட்டுவதற்குக் கடைப் பசை வேண்டாம், வீட்டிலேயே மைதா பசை காய்ச்சிக்கொள்ளலாம், ஆனால் அதில் மயில்துத்தம் சேர்க்கக் கூடாது என்பதே அந்த முடிவு. காலைக் காப்பியோடு தொடங்கிய பேச்சு மதியச் சாப்பாட்டுக்குக் கலைந்து மாலையில் மறுபடி கூடியது. வாலிபத்தில் திண்டிவனம் வரைக்கும் சுவர் சுவராகக் கட்சி போஸ்டர் ஒட்டியவர் என்ற தகுதியில் உன் நைனா துத்தத்தை ஆதரித்துப் பேசினார். "துத்தம் போடாத பசை பசையே கெடையாது. எலி, கரப்பான், ஆடு, மாடு அல்லாத்துக்கும் அது பலகாரம்" என்றார். உன் அண்ணி மஞ்சு, "பீமாராவ் கைல கெடைக்கறத எல்லாம் வாயில வெக்கறான் மாமா, துத்தம் வெஷம்" என்றாள். இரண்டு வயதுப் பேரன் பக்கம் ஓட்டு விழுந்தது. நைனா தோல்வியை ஒப்புக்கொண்டார், ஆனால் தன் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொன்னார். இங்கே பதிவு செய்துவிட்டேன்.

அண்ணன் வீரமணி மூன்று வாரமாக ஏன் போனை எடுக்கவில்லை, நடுவில் ஏன் விடுதலைப் பத்திரம் என்று ஒன்றைப் படம் பிடித்து அனுப்பி வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போடச் சொன்னான், பிறகு ஏன் திடீரென்று ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினான் என்று கேட்டிருந்தாய். மூன்று கேள்விக்கும் பதில் ஒன்றுதான், ஆனால் நீளமானது. போனில் சொல்லலாம் என்றால் நைனா குறுக்கே புகுந்து பசையைப் பற்றிப் பேசுவார். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் 'மீனம்பாள் இல்லம்' குழுவில் எல்லோரும் இருக்கிறார்கள், நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன் என்று காட்டினாலே மஞ்சு 'என்ன அத்தை' என்று கேட்கிறாள். அதனால்தான் தபால். செஞ்சித் தபால் நிலையத்தில் வெளிநாட்டுக் கடிதத்துக்கு எவ்வளவு ஸ்டாம்பு ஒட்ட வேண்டும் என்று தேடிக் கண்டுபிடிக்கவே அவர்களுக்கு ஒரு பொழுது ஆனது, மரியாதையாக நடத்தினார்கள்.

பொங்கலுக்கு வந்தபோது நீ போனை நீட்டிக்கொண்டு அறை அறையாக நடந்தாய் அல்லவா, அதிலிருந்து நீ செய்து அனுப்பிய கணினி வீட்டை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். விரலால் தள்ளினால் வீடு சுற்றுகிறது. கூரையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கலாம். கதவைத் தொட்டால் என்ன மரம், எந்த வருஷம் போட்டது, எத்தனை ஆணி, உடையாமல் எடுக்க முடியுமா என்றெல்லாம் சொல்கிறது. இத்தனை வருஷம் குடியிருந்தும் இந்த விவரமெல்லாம் தெரியாமலே குடியிருந்திருக்கிறோம் என்று நைனாவுக்கு வருத்தம். இன்னொரு வருத்தமும் உண்டு. நீ படம் பிடித்தபோது அவர் கூடத்தில் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். கணினி அவரையும் நாற்காலியையும் ஒன்றாகச் சேர்த்து 'நகர்த்த முடியாத பொருள், வகை தெரியவில்லை' என்று பதிந்திருக்கிறது. நான் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவந்ததை ஒரு இயந்திரம் ஒரே பார்வையில் கண்டுபிடித்ததில் எனக்கு உன் தொழில்மேல் மதிப்பு கூடியது.

வீட்டை இடித்துவிட்டு வீரமணி கட்டப்போகிற மாடி வீட்டுக்கு இதே கதவு, சன்னல், செங்கல், சமையலறைக் கடப்பாக்கல் எல்லாவற்றையும் திரும்ப வைக்க வேண்டும், குப்பையாக ஏரிக்கரையில் கொட்டக் கூடாது, அங்கே உன் கம்பெனி இடிக்கிற வீடுகளுக்குச் செய்வதும் இதுதான் என்று நீ சொன்னது நியாயம்தான். நம் ஊருக்கு இது ஒன்றும் புதிதல்ல. பாண்டிச்சேரிக் கடற்கரையில் நிற்கிற கல்தூண்கள் நம் கோட்டையிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துப்போனவை என்று சொல்வார்கள். அவர்கள் கணினி வீடு செய்யாமல், ஒட்டுத்தாள் ஒட்டாமல், யாரையும் கேட்காமல் செய்தார்கள், அதனால் சீக்கிரம் முடிந்தது. கோட்டைக்கு உலகப் பெருமை வந்த பிறகு இப்போது ஒரு செங்கல்லைத் தொட்டாலும் விசில் ஊதுகிறார்கள். நம் வீட்டுக்கு அந்தப் பெருமை இன்னும் வரவில்லை என்பதால் இடிக்க அனுமதி கிடைத்தது.

ஒட்டுத்தாளில் இரண்டு எழுத்துக்கு மேல் இடம் இல்லை என்று சொல்லி, திரும்பப் பயன்படுகிறவற்றுக்கு 'ம.ப.' என்றும் பயன்படாதவற்றுக்கு 'க.' என்றும் போட்டிருந்தாய். பக்கத்தில், போனைக் காட்டினால் விவரம் சொல்கிற ஒரு சதுரக் கட்டம். காந்தி பஜார் ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து வாங்கி, துத்தமில்லாத பசையால், ஏணி போட்டு, மேல்தளம் வரைக்கும் நைனாவும் நானும் ஒட்டி முடித்தோம். பால்காரர் பழக்கதோஷத்தில் வாசல் கதவில் இருந்த கட்டத்துக்கு நேரே போனைக் காட்டிவிட்டு, "இன்னாம்மா, ஸ்கேன் பண்ணா பேரு வரும்னு பாத்தா கதவு வருது" என்றார். எதிர் வீட்டு வள்ளியம்மாள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வந்து, "பேங்குல ஜப்தி பண்ணிட்டாங்களாக்கா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று அழுதாள். இல்லையம்மா, எங்கள் மகள் ஒட்டச் சொன்னாள் என்று சொன்னேன். அவளுடைய அழுகை நின்றது, ஆனால் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் வந்தான். தேக்குக் கதவில் 'ம.ப.', சன்னல்களில் 'ம.ப.', கடப்பாக்கல்லில் 'ம.ப.' என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான். முகம் மலர்ந்துவிட்டது. கறி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தான், எனக்கு முட்டி வலிக்கிறதா என்று கேட்டான், உன்னைப் பற்றிக்கூட "தங்கச்சி நல்ல மனசு மா, அங்க போயும் மாறல" என்றான். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். 'ம.ப.' என்பதை அவன் 'மகன் பங்கு' என்று படித்திருக்கிறான். வீட்டுக்குப் போய் மஞ்சுவிடம் சொல்லியிருக்கிறான். அவள் சிரிசிரி என்று சிரித்து, "மகன் பங்குன்னா உன் தங்கச்சி எதுக்குய்யா வெளிநாட்டுல இருந்து எழுதி அனுப்புது? அது மகள் பங்கு. வூட்ட பாகம் பிரிச்சி சீட்டு ஒட்டிட்டாங்க, நீ கறி வாங்கிக் குடுத்துட்டு வந்திருக்கற" என்றிருக்கிறாள். அப்புறம் 'க.' என்னவென்று இருவரும் யோசித்திருக்கிறார்கள். 'க.' ஒட்டியிருப்பது எதிலெல்லாம் என்று அவனுக்கு நினைவு இருந்தது. குளியலறை டைல்ஸ், விரிசல் விட்ட பேசின், பின்பக்கத்து சிமெண்ட் ஷீட், காங்கிரீட் தளம். 'க.' என்றால் கடைக்காரன் என்று மஞ்சு தீர்ப்புச் சொல்லிவிட்டாள். திண்டிவனம் ரோட்டில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறவன் நம் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? தேக்கெல்லாம் மகளுக்கு, ஓட்டை ஷீட்டெல்லாம் கடைக்காரனுக்கு. அந்த டைல்ஸ் அவனே தன் கடையிலிருந்து கொண்டுவந்து பதித்தது, பெயர்த்தால் உடைந்துவிடும் என்பதால் நீ அதைக் கழிவு என்று போட்டாய். இதை நான் சொன்னபோது அவன் கோபம் குறையவில்லை, இரண்டாக ஆனது.

மறுநாள் எல்லோரும் நம் கூடத்தில் கூடினோம். வீரமணி, மஞ்சு, நைனா, நான், பிறகு வீரமணி கூட்டிக்கொண்டு வந்திருந்த பத்திர எழுத்தர் வளவன். வீடு என் பேரில், என் நூலகச் சம்பளத்தில் வாங்கிய கடனில் கட்டியது என்பதும், நான் உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் அந்தப் பேச்சுக்கு யாருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை. நானே காப்பி போட்டுக் கொடுத்தேன். வளவன், "அம்மா நூறு வருஷம் இருக்கணுங்க, இருந்தாலும் எதுக்கும் தங்கச்சிகிட்ட ஒரு விடுதல பத்திரம் எழுதி வாங்கிக்கறது நல்லதுங்க" என்று என்னைப் பார்த்தே சொன்னார். 'ம.ப.' என்றால் மறுபயன்பாடு, ஒரு முறை பயன்பட்டதை மறுமுறை பயன்படுத்துவது என்று நான் விளக்கினேன். உன் அண்ணன் பொறுமையாகக் கேட்டான். "மா, கட வச்சி இத்தன வருஷம் ஆவுது. ஒருத்தனும் வந்து மறுபயன்பாடு குடுன்னு கேட்டதில்ல. அப்டி ஒரு வார்த்தையே கெடையாது" என்றான். ஓய்வு பெற்றாலும் நூலகர் அல்லவா, உள்ளே போய் அகராதியை எடுத்து வந்தேன். அதில் 'பயன்பாடு' தனியாக இருந்தது, 'மறு' தனியாக இருந்தது, இரண்டும் சேர்ந்து இல்லை. மஞ்சு புத்தகத்தை வாங்கி 'மறு' என்ற இடத்தில் விரலை வைத்து, "குற்றம், களங்கம்னு போட்டிருக்குது பாருங்க அத்தை" என்று வாசித்துக் காட்டினாள். வளவன் அதைத் தன் தாளில் குறித்துக்கொண்டார். அகராதியைத் துணைக்கு அழைத்துத் தோற்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்றைக்குத்தான் உனக்கு அந்தப் பத்திரத்தின் படம் வந்தது. இதற்கு நடுவில் வேலை நின்றுபோயிற்று. பாகப் பிரச்சினை தீராமல் ஒரு ஆணியைக்கூடப் பிடுங்கக் கூடாது என்று வீரமணி சொல்லிவிட்டான். இடிக்க வருகிற இளவரசன் தன் பொக்லைன் வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

எனக்குத் தூக்கம் கெட்டது உண்மை. வீடு போனால் போகட்டும், ஒழுகுகிற வீடுதான், அதைப் பற்றி எனக்குக் கவிதை எதுவும் வரவில்லை. இரண்டு பிள்ளைகளைப் பெற்று, இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் போவதற்கு ஒரு சன்னல் சீட்டு காரணமாகிறதே என்றுதான். உன்னைக் கையெழுத்துப் போட்டுவிடு என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். பிறகு, இல்லாத பங்கை விட்டுக்கொடுத்தால் அது இருந்தது என்று ஆகிவிடுமே என்று விட்டுவிட்டேன். அப்போது கையில் பேப்பர் இருந்தது. அதில் தண்ணீரைப் பற்றிய ஒரு செய்தியில் 'மீள்பயன்பாடு' என்று போட்டிருந்தான். மறுபயன்பாடும் மீள்பயன்பாடும் பொருளில் ஒன்றுதான். எழுத்தில் என்ன வித்தியாசம்? 'ம' தலையில் ஒரு மேல்விலங்குச் சுழி போட்டால் 'மீ'. ஸ்கெட்ச் பேனாவை எடுத்துப் போய்த் தேக்குக் கதவில் இருந்த 'ம.ப.'வில் ஒரு சுழி போட்டேன். 'மீ.ப.' ஆகிவிட்டது. நான் மீனம்பாள். மீனம்பாள் பங்கு.

வீரமணியை வரச் சொல்லிக் காட்டினேன். "மீ.ப.ன்னா... மீனம்பாள் பங்கா?" என்று கேட்டான். அப்படியும் வைத்துக்கொள்ளலாம் என்றேன். "அது சரிதான மா? வூடு உன்னுதுதான?" என்றான். மஞ்சுவும், "அத்தைக்குன்னா யாரு கேக்கப் போறா" என்றாள். என் வீடு என்னுடையது என்பது இவ்வாறு ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. நைனாவிடம் பேனாவைக் கொடுத்ததும் ஏணியில் ஏறி எல்லா 'ம'வுக்கும் சுழி போட்டு முடித்தார், போஸ்டர் காலத்துக் கை, ஒரு சுழிகூடக் கோணவில்லை. அதோடு நிற்கவில்லை. உன் அண்ணன் பேனாவை வாங்கி, தன் டைல்ஸில் இருந்த 'க.'வுக்குப் பக்கத்தில் ஒரு கால் போட்டு 'கா.' ஆக்கினான். காக்க வேண்டியது என்று பொருள் சொன்னான். அவன் மனம் நோகக் கூடாது என்று நான் தலையை ஆட்டி வைத்தேன். நைனா அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு பேசின், ஷீட், மேல்தளம் எல்லாவற்றுக்கும் கால் போட்டுவிட்டார். ஆக இப்போது நம் வீட்டில் கழிவு என்று ஒரு பொருளும் கிடையாது. உன் கம்பெனி ஐரோப்பாவில் இந்த நிலையை எட்டியிருக்காது. நீ ஏதாவது மாநாட்டில் நம் வீட்டைக் காட்டினால் இதைத் தயங்காமல் சொல்லலாம். உனக்குக் கட்டைவிரல் வந்தது அன்று சாயங்காலம்தான்.

இளவரசனுக்குத்தான் கஷ்டம். அவனிடம் உன் கணினி வீட்டைக் காட்டி எதை முதலில் எடுக்க வேண்டும், எதை அப்புறம் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். "வூட்ட ஒரே நாள்ல தரமட்டமாக்கிக் குடுப்பம்மா. இது கல்யாணப் பந்தல் பிரிக்கற மாதிரி இல்ல இருக்குது" என்றான். பிறகு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தப் போனில் இருக்கிற வீட்டையும் இடிக்க வேண்டுமா, அதற்குத் தனி ரேட்டு என்றான். மேல்தளத்தில் 'கா.' என்று இருந்ததைப் பார்த்து அண்ணாந்தபடியே நின்று, "இத எப்டிம்மா காப்பாத்தறது, கையில தாங்கிக்கறதா?" என்று கேட்டான். அதை மட்டும் அவன் தன் வழியில் காப்பாற்றினான், சத்தம் ராஜகிரிக் கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். அந்தத் தேக்குக் கதவைத் தானே எடுத்துக்கொள்வதாக என்னைத் தனியாக ஒரு முறையும் நைனாவைத் தனியாக ஒரு முறையும் கேட்டுப் பார்த்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மற்றபடி நல்ல பையன். கதவு, சன்னல், கம்பி, கடப்பாக்கல் எல்லாம் ஒரு கீறல் இல்லாமல் கீழே இறங்கின. டைல்ஸ் பாதிக்கு மேல் உடைந்தது. 'கா.' என்று போட்டுவிட்டதால் உன் அண்ணன் உடைந்த துண்டுகளையும் சாக்கில் கட்டி வைத்திருக்கிறான்.

இவ்வளவையும் எங்கே வைப்பது என்று வந்தபோது, பனமலையில் மஞ்சுவின் அம்மா வீட்டில் ஆட்டுக் கொட்டகையைக் காலி செய்து கொடுத்தார்கள். பெரிய மனசு. ஆடுகள் இப்போது வெளியே கட்டியிருக்கின்றன, நம் சன்னல்கள் உள்ளே இருக்கின்றன. புது வீட்டுக்கு அடித்தளம் போட்டதும் ஒட்டுத்தாளைப் பார்த்து, உன் கணினி சொல்கிற இடத்தில் ஒவ்வொன்றையும் பொருத்த வேண்டியதுதான். நாங்கள் வள்ளியம்மாள் வீட்டு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். அங்கிருந்து பார்த்தால் நம் வீடு இருந்த காலி இடம் நன்றாகத் தெரிகிறது, காற்றும் வருகிறது. விடுதலைப் பத்திரத்தைக் கிழித்துவிடச் சொன்னேன். வளவன் மறுத்துவிட்டார். பேரை மட்டும் மாற்றினால் வேறு குடும்பத்துக்கு ஆகும், எதற்கு வீணாக்க வேண்டும் என்று பையில் வைத்துக்கொண்டார். உன் கொள்கை ஊருக்குள் பரவுகிறது.

நீ இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. உன் அண்ணன் கெட்டவன் இல்லை, சீட்டைப் பார்த்தால் படித்துவிடுகிறான், அவ்வளவுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை அவனே உன்னைக் கூப்பிட்டுப் பேசுவதாக என்னிடம் சொல்லியிருக்கிறான். மன்னிப்பு என்ற வார்த்தையை எதிர்பார்க்காதே, அதுவும் அவன் கடையில் இல்லாத சரக்கு. பீமாராவ் எப்படி இருக்கிறான் என்று கேள், பேச்சு தானாக ஓடும். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் நீங்கள் பேசி முடித்திருப்பீர்கள், அப்படியானால் இதைப் படித்துச் சிரித்துவிட்டு ஓரமாக வை. இனிமேல் எந்த வீட்டுக்குச் சீட்டு அனுப்பினாலும் முழு வார்த்தையாக எழுது. இடம் இல்லை என்றால் தாளைப் பெரிதாக்கு. தமிழில் எழுத்தைச் சுருக்கினால் சொந்தக்காரர்கள் அதை விரித்துக்கொள்வார்கள். வெந்நீர் குடி, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நவீனிடம் ஊறுகாய் கொடுத்தனுப்ப ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்.

நீயும் நவீனும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும், உங்கள் கையால் இடிபடுகிற வீடுகளும் எங்கேயாவது போய் வாழ வேண்டும். கடிதம் கிடைத்ததும் ஒரு வார்த்தை போடு. உறையை அதே மைதா பசையில் மீந்ததை வைத்துத்தான் ஒட்டப் போகிறேன், பிரிந்திருந்தால் நைனாவிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
மீனம்பாள்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் சம்பந்தி அம்மாள் பனமலையிலிருந்து போன் செய்தார்கள். நேற்று மழைக்கு ஆடுகளைக் கொட்டகைக்குள் கட்டியிருக்கிறார்கள். பசை ருசியில் அவை ஒட்டுத்தாள் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. கதவு சன்னல்களுக்குச் சேதமில்லை, ஆடுகளும் நலம். வீரமணி இன்று காலையே வளவனையும் அவருடைய பத்திரப் பையையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு பனமலைக்குப் போயிருக்கிறான்.